கார்த்திகைச் சூரியனுக்கு இரண்டு குன்றுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மலை கிடையாது. வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறும் கிடையாது. இருந்தாலும் கடலாடிப் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார் ‘இயற்கைக் காட்சி வரைக’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், வகுப்பு மொத்தமும் இரண்டு மலையைத்தான் வரையும். மலைகளுக்கு நடுவில் சூரியன். அங்கிருந்து நெளிந்து நெளிந்து வரும் ஒரு ஆறு. கரையில் பச்சைப் புல், ஒரு குடிசை, ஒரு தென்னை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பனைகளும் சீமைக்கருவேலமும் அதன் அரைகுறை நிழலில் ஒரு வெள்ளாடும் தெரியும். அவற்றை யாரும் வரைந்ததில்லை. அவையும் இயற்கைதான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த வகுப்பில் மலையை மிக நேர்த்தியாக வரைந்தவன் நான். பிற்பாடு பொறியியல் படித்தேன். இப்போது கடலாடியில் இருக்கும் இயற்கை மறுவடிவமைப்புக் கோட்டத்தில் உதவிப் பொறியாளராக இருக்கிறேன். பெயர் பாண்டீஸ்வரன். எனக்கு அந்த ஒரே ஒரு படம்தான் வரைய வரும் என்பதை அலுவலகத்தில் நான் சொன்னதில்லை. அவர்களும் கேட்கவில்லை.

எங்கள் கோட்டத்தின் வேலை, இயற்கையாக இல்லாத இடங்களை இயற்கையாக்குவது. இதற்காக ஐரோப்பாவிலிருந்து நிதியும், தலைக்கு வைத்துப் படுக்கிற அளவுக்குத் தடித்த ஒரு கையேடும், சுவரில் மாட்ட ஒரு பெரிய படமும் வந்திருந்தன. படத்தில் பசும்புல்லுக்கு நடுவே ஒரு சிற்றாறு நெளிந்து ஓடியது. கொழுத்த மாடுகள் நின்றன. தூரத்தில் இரண்டு மலை. முதல் நாள் அதன் முன்னால் நின்றபோது எனக்கு ஓவிய வாத்தியார் மேல் மரியாதை கூடிப்போனது. மனிதர் ஐரோப்பியத் தரத்தில்தான் எங்களை வளர்த்திருக்கிறார்.

கோட்டத்தின் தலைமை, செயற்பொறியாளர் ராமலெட்சுமி மேடம். கடலாடிக்குத் தெற்கே ஓடி மாரியூர்ப் பக்கம் கடலில் விழும் நரியோடையை, இருபது வருஷத்துக்கு முன்னால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக்கியவர் அவர்தான். அதற்குக் கொடுத்த கேடயம் இன்னும் அவர் மேஜையில் இருக்கிறது. அந்த நரியோடையை மறுபடி வளைப்பதுதான் எங்கள் முதல் திட்டம்.

“இந்த ஓடைய நேராக்குனது யாரு? நாம. இப்ப வளைக்கப் போறது யாரு? அதுவும் நாம” என்றார் மேடம், முதல் கூட்டத்தில். “வேற டிபார்ட்மெண்ட் நேராக்கியிருந்தா, அவங்ககிட்டப் போயி ஏன் நேராக்குனீங்கன்னு கேக்கணும். மனக்கசப்பு வரும். நமக்கு அந்தச் சிக்கலே இல்ல. அன்னைக்கு நேரா இருந்தது வளர்ச்சி. இன்னைக்கு வளைஞ்சா இயற்கை. ரெண்டுலயும் நாம இருந்தோம்கிறதுதான் பெருமை.”

எல்லோரும் கை தட்டினோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினேன். என் பதவி உயர்வு அப்போது மேடத்தின் மேஜையில் கேடயத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஆடி மாதம் ஐரோப்பிய நிபுணர் ரெய்னர் வந்தார். வெயிலில் சிவந்து, குடையை மறுத்து, ஓடையில் இறங்கி நடந்தார். ஓடையில் தண்ணீர் இல்லாததால் அது சுலபமாக இருந்தது. வழியெல்லாம் தன் குடும்ப வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் ஊர் ஆற்றை அவருடைய கொள்ளுத்தாத்தா நேராக்கினாராம். சதுப்பு வற்றியது, ஊர் செழித்தது, அவருக்குச் சிலை வைத்தார்கள். நேரான ஆறு வேகமாக ஓடிக் கீழ் ஊர்களை அடித்துப்போகவே, அதைத் தடுக்கத் தாத்தா கரை கட்டினார். அவருக்கும் சிலை. அப்பா அந்தக் கரைமேல் காடு வளர்த்தார். நகரத்து ஜனங்கள் வந்து பார்த்து, ஆதிகாலத்துக் காடு என்று மெய்மறந்து போகிறார்களாம். இப்போது ரெய்னர் ஆற்றைக் கொள்ளுத்தாத்தாவுக்கு முந்தைய மாதிரி வளைத்துக்கொண்டிருக்கிறார்.

“எங்கள் நாட்டில் பொறியாளர் கை படாத இயற்கை என்று எதுவும் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு அழகாக இருக்கிறது” என்றார். பிறகு நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “இங்கே இயற்கை எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் கையேட்டைப் பார்த்தேன். கடைசியில் கடலைக் காட்டினேன்.

“அது வேற டிபார்ட்மெண்ட்” என்றார் மேடம் மெதுவாக.

நேராக்குவதற்கு முன் ஓடை எப்படி இருந்தது என்பதற்கு எங்களிடம் வரைபடம் இல்லை. எனவே ஓடையோரம் நிலம் வைத்திருக்கும் முத்தழகைக் கூப்பிட்டேன். அவர் என் மனைவி பூமயிலின் அண்ணன். குண்டு மிளகாய் போடுகிறவர். அந்த வருஷம் இருந்த நிலம் மொத்தத்திலும் மிளகாயே போடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இந்த ஓடையின் ஆதி வடிவம் என்ன?” என்று ரெய்னர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

“தண்ணி வந்தா ஓடும். வரலேன்னா நாங்க அதுல நடந்து போவோம். வேற என்ன மாப்ள வடிவம்?” என்றார் முத்தழகு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “என்னவும் பண்ணுங்க. தண்ணிய மட்டும் நிப்பாட்டிறாதீங்க. ரெண்டு நாளு வேருல தண்ணி நின்னா மிளகா அம்புட்டும் அழுகிப்போகும்” என்றார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. வடிவத்தைப் பற்றித்தானே கேள்வி.

ஆதி வடிவத்தை ஒரு வாரத்துக்குள் வரைந்து தரும்படி எனக்கு உத்தரவானது. வெள்ளைத் தாளை விரித்து, பென்சிலைச் சீவி, கண்ணை மூடி ஆதியை யோசித்தேன். கை தன்பாட்டுக்கு வரைந்தது. கண்ணைத் திறந்தபோது ஓடை நெளிந்து கிடந்தது, கரையில் புல் முளைத்திருந்தது, பின்னால் இரண்டு மலை நின்றன. மலைகளை ரப்பரால் அழிக்கப் போன நேரத்தில் மேடம் உள்ளே வந்துவிட்டார்.

“தோண்டுற மண்ண எங்கன கொட்டுறதுன்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். பிரமாதம். ரெண்டு குன்று” என்றார்.

ரெய்னர் அந்தப் படத்தைத் தன் ஊரிலிருந்து பார்த்துவிட்டு, கண் கலங்கியதாக எழுதினார். அவருடைய அப்பாவின் காட்டுக்குப் பக்கத்தில் அச்சு அசலாக இப்படியே ஒரு இடம் இருக்கிறதாம்.

பொக்லைன்கள் வந்தன. ஓடை வளைந்தது. மண் எழுந்து குன்றாகியது. குன்றின் மேல் மலைப்பிரதேசத்துப் புல்லைச் சுருட்டிக் கொண்டுவந்து பாய் மாதிரி விரித்தோம். அது மூன்றாம் நாளே பழுத்தது. அதற்குத் தண்ணீர் ஊற்ற லாரி வந்தது. ஊர்க்காரர்கள் குடத்தோடு லாரியைச் சுற்றினார்கள். இது இயற்கைக்கான தண்ணீர், மனிதர்கள் எடுக்கக் கூடாது என்று விளக்குவதற்கு என்னை அங்கே நிற்க வைத்தார்கள். என் மனைவியின் சித்தியும் குடத்தோடு வந்திருந்தாள். விளக்கினேன். அதற்கப்புறம் அவள் எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வரவில்லை.

படத்தில் இல்லாதவற்றை அப்புறப்படுத்துவதும் என் பொறுப்பு. வெள்ளாடு படத்தில் இல்லை. பனை இல்லை. மாரியூர்க் கரையில் ஆன்டனி ராஜும் மற்ற மீனவர்களும் வலை காயப்போடும் இடமும் படத்தில் இல்லை. ஆன்டனி ராஜிடம் போய் வலைகளை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தார். ஒரு மாதம் கழித்து, திறப்பு விழாவுக்குக் கரை ஆள் இல்லாமல் வெறிச்சென்று இருக்கக் கூடாது, நாலு மீனவர்கள் இயல்பாக உட்கார்ந்து வலை பின்ன வேண்டும் என்று கையேட்டைப் பார்த்து மேடம் சொன்னார். மறுபடியும் அவரிடமே போனேன்.

“அண்ணே, விழா அன்னைக்கு நீங்க இங்கன வலையோட இயல்பா உக்காரணும்.”

“அன்னைக்கு அப்பிடித்தான சார் உக்காந்திருந்தேன். நீங்கதான எந்திரிக்கச் சொன்னீங்க.”

“அது சும்மா உக்காந்திருந்தது. இது திட்டத்துல உக்கார்றது. சட்டை போடக் கூடாது. ஃபைபர் படகு தெரியக் கூடாது. மரவள்ளம் ஏதும் இருக்கா?”

“எங்க அய்யாவோட வள்ளம் இருந்துச்சு. வெறகாப் போயி வருசமாச்சு” என்றார் ஆன்டனி ராஜ். “செல்போன மடியில வச்சுக்கிறலாமா, அதுவும் கூடாதா?”

மேடத்திடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

விழா கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. ஒத்திகைக்காக விடியற்காலையில் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். சூரியன் வந்தது. ஆனால் குன்றுகளுக்கு நடுவில் வரவில்லை. இரண்டுக்கும் இடதுபுறமாக, யாரும் கேட்காத இடத்தில், ஒரு கருவேலத்துக்குப் பின்னால் எழுந்தது.

மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம், “படத்துல நடுவுலதான இருந்துச்சு?” என்றார்.

“ஆமா மேடம். படத்துல நான் திசை போடலை.”

“மேடைய நகத்தலாமா?”

“மேடை கான்கிரீட் மேடம்.”

“குன்று?”

“குன்று மண்ணுதான்.”

“அப்ப குன்ற நகத்துங்க.”

தை பிறந்தால் சூரியன் இன்னும் வடக்கே போய்விடும் என்பதையும் பணிவோடு தெரிவித்தேன். “விழா கார்த்திகையிலதான? கார்த்திகைச் சூரியனுக்குச் சரியா இருந்தாப் போதும்” என்றார்.

இரண்டு குன்றையும் இடதுபுறம் நகர்த்தினோம். ஒன்றுக்கு நல்ல இடம் கிடைத்தது. இன்னொன்று பழைய நேர் ஓடை கடலில் சேரும் இடத்தின் மேலேயே உட்கார்ந்தது. இனி எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நான் வரைந்த நெளிவுகளைச் சுற்றித்தான் கடலுக்குப் போயாக வேண்டும். மறுநாள் சூரியன் நடுவில் வந்தது. என் முதுகில் மேடம் தட்டிக்கொடுத்தார். அன்று சாயங்காலம் வீட்டில் முத்தழகு வந்து உட்கார்ந்திருந்தார்.

“மாப்ள, ஓடை கடல்ல விழுற கடவாய அடைச்சுட்டீகளாமே.”

“அடைக்கல மச்சான். தண்ணி கொஞ்சம் சுத்திப் போகும். அவ்வளவுதான்.”

அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பூமயில்தான் சொன்னாள்: “அண்ணன் செடி பூவெடுத்து நிக்கிது. வெள்ளாமைக்கு ஏதாச்சும் ஆச்சு, நான் அந்த வாசல்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயி நிக்கிறது? நீங்க கோடு போட்டுட்டுப் போயிருவீங்க.”

விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை மழை பிடித்தது. எங்கள் பக்கம் பெய்தால் பெய்கிற, பெய்யாவிட்டால் மூன்று வருஷத்துக்குப் பெய்யாத மழை. ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தேன். தண்ணீர் என் முதல் நெளிவு வரை வந்து, இரண்டாவதில் தயங்கி, மூன்றாவதில் நின்றுவிட்டிருந்தது. வளைந்து போகவேண்டும் என்று அதற்கு யாரும் தெரிவிக்கவில்லை. முன்னால் போக முடியாமல் பின்னால் ஏறி, முத்தழகின் மிளகாய்க் கொல்லையில் பரவிக்கொண்டிருந்தது. கீழ்ப்பாதியில் செடிகளின் நுனி மட்டும் தெரிந்தது. முத்தழகு வரப்பில் நின்று, ஒரு தட்டை வைத்துத் தண்ணீரை வெளியே அள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து அள்ளினார்.

குன்றை வெட்டிவிட அனுமதி கேட்டு மேடத்துக்குப் போன் செய்தேன். நிபுணரைக் கேட்காமல் இயற்கையில் கை வைக்க முடியாது என்று அவரையும் வீடியோ அழைப்பில் சேர்த்தார். நான் போனை வெள்ளத்துக்கு நேராகப் பிடித்தேன்.

ரெய்னர் பரவசமாகிவிட்டார். “நிலம் விழித்துக்கொண்டது. ஆறு தன் சமவெளியை அடையாளம் கண்டுகொண்டது. அந்தச் சின்னச் செடி என்ன?”

“மிளகாய்.”

“தானாக வந்ததா?”

“இல்லை. என் மச்சான் நட்டது.”

“அப்படியானால் அது போகலாம்” என்றார் அவர், அன்பாகவே.

“கேட்டுக்கிட்டீங்கல்ல?” என்றார் மேடம். “நாளைக்கு விழா முடியுற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது.”

போனைப் பையில் போட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. என்னுடைய பதவி உயர்வு, பூமயிலின் பிறந்த வீடு, எட்டாம் வகுப்பில் இந்தப் படத்துக்கு எனக்கு விழுந்த முழு மார்க்கு எல்லாம் அந்தத் தண்ணீரில் மிதப்பது போலிருந்தது. பொக்லைன் நின்றது. சாவியோடு டிரைவர் ஊருக்குப் போயிருந்தார். முத்தழகின் கையிலிருந்து தட்டை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, “மம்பட்டி இருக்கா மச்சான்?” என்று கேட்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் குன்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆன்டனி ராஜும் ஏழெட்டு ஆட்களும் எதிரே வந்தார்கள். பூசை முடிந்து நேரே வந்திருந்தார்கள். எல்லோரும் வெள்ளைச் சட்டை. எல்லோர் கையிலும் மம்பட்டி. குன்று நகர்ந்ததிலிருந்து அவர்களுடைய படகுகளுக்கு வண்டி வர வழியில்லை.

“ஞாயித்துக்கிழமை நீங்க வேலை செய்ய மாட்டீங்களேண்ணே” என்றேன், தடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல்.

“கடலுக்குத்தான் சார் போக மாட்டோம். மண்ணு வெட்டக் கூடாதுன்னு ஃபாதர் ஒண்ணும் சொல்லல” என்றார் ஆன்டனி ராஜ்.

நான் பழக்கதோஷத்தில் மட்டம் பார்க்கும் கருவியை விரித்தேன். கண்ணாடியில் மழை வழிந்தது. தண்ணீர் முட்டிக்கொண்டு நின்ற இடம் எல்லோருக்கும் தெரிந்தது, எனக்கும்தான். கருவியை மூடிவிட்டு வெட்ட இறங்கினேன். அரசாங்க பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு வெறுங்காலோடு வெட்டினேன். என் முதல் வெட்டு யார் காலிலும் படாமல் போனது அந்தோணியார் புண்ணியம் என்று ஆன்டனி ராஜ் இன்றைக்கும் சொல்கிறார். மத்தியானத்துக்குள் ஒரு சின்ன வாய் திறந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வாயை அகலமாக்கி, குன்றைக் கரைத்து, மலைப்பிரதேசப் புல்லைப் பாய் பாயாகச் சுருட்டிக் கடலுக்குக் கொண்டுபோனது. பழைய ஓடை போன அதே நேர்கோட்டில் ஓடியது.

கொல்லையின் மேல்பாதி தப்பியது. கீழ்ப்பாதி போனது போனதுதான். முத்தழகு தலைப்பாகையை அவிழ்த்துப் பிழிந்து, என்னிடம் துடைத்துக்கொள்ளக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை விழா. இருக்கிற நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, தற்காலிகப் பணிநீக்கத்துக்குத் தயாராக நின்றேன். மேடையில் பெரிய திரையில் ரெய்னர். எதிரே ஒரே ஒரு குன்று. மீனவர்கள் சட்டையில்லாமல் இயல்பாக உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் குன்றுக்குப் பக்கத்தில் தனியாக வந்தது. மேடம் இன்னொரு குன்று இருந்த இடத்தில் திறந்துகிடந்த ஓடைவாயைப் பார்த்தார், என் கையிலிருந்த கொப்புளங்களைப் பார்த்தார், மைக்கைப் பிடித்தார்.

“இது யாரும் வெட்டியது அல்ல” என்றார். “ஆறு தன் பாதையைத் தானே தேர்ந்தெடுத்திருக்கிறது. எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது? இருபது ஆண்டுகளுக்கு முன் நான் தோண்டிய அதே இடத்தை. அன்றைக்கு நான் நேராக்கியபோது அது இயற்கைக்கு விரோதம் என்று சிலர் பேசினார்கள். இன்றைக்கு இயற்கையே என் பக்கம் வந்துவிட்டது. நாங்கள் எதைச் செய்தாலும் அது இயற்கைதான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?”

திரையில் ரெய்னர் எழுந்து நின்று கை தட்டினார். இவ்வளவு நேரான கோட்டை எந்தப் பொறியாளராலும் போட முடியாது என்றார்.

அத்தோடு போயிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்த வாரமே அந்த இடம் இயற்கைப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. முத்தழகின் கீழ்ப்பாதியில் இன்னும் தண்ணீர் நின்றதாலும், அதில் நாலு கொக்கு இறங்கியதாலும், அது சதுப்புநிலம் என்று எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. கம்பிவேலி போட்டோம். மேல்பாதிக்குப் போகிற வழியும் அதற்குள்தான் இருந்தது. ‘உள்ளே வராதே’ பலகையை நட்டவன் நான். முத்தழகு வேலிக்கு அந்தப் பக்கம் கையில் கூடையோடு நின்றார்.

“மாப்ள, உள்ள வரலாமா? மேல களை முட்டிக்கிட்டுக் கெடக்கு.”

இரண்டு நாள் கையேட்டோடு உட்கார்ந்தேன். பாதுகாப்புப் பகுதியில் மனிதர்கள் நுழையக் கூடாது. ஆனால் அவ்விடத்துக்கே உரிய உயிரினங்கள் தடையின்றி நடமாடலாம், மண்ணைக் கிளறலாம், இரை தேடலாம், இனம் பெருக்கலாம். அவற்றைக் கணக்கெடுத்து அனுப்புவது உதவிப் பொறியாளரின் கடமை.

கணக்கெடுத்து அனுப்பினேன். கொக்கு, உள்ளான், எப்போதாவது பூநாரை, நண்டு, முத்தழகு. கடைசியாகச் சொன்னதைப் பற்றிக் குறிப்பும் எழுதினேன்: மழைக்குப் பின் அதிகம் தென்படும், மிளகாயை நம்பி உயிர்வாழும், சீண்டினால் ஒழியச் சீறாது. ரெய்னர் போட்டோ கேட்டார். முத்தழகு மீசையைத் தடவிக்கொண்டு நின்றார், எடுத்து அனுப்பினேன். மிகவும் கோபமாகத் தெரிகிறதே, இது உள்ளூர் இனம்தானா என்று கேட்டு எழுதினார். பரம்பரையாக என்று பதில் போட்டேன். மேடம் எப்போதும் போலப் படிக்காமல் கையெழுத்திட்டார். இப்போது முத்தழகு வேலிக்குள் போய் வருகிறார். தை மாதத்தில் மேல்பாதியில் மிளகாய்ப் பழம் எடுக்கத் தொடங்கிவிட்டார். தண்ணீர் வற்றிய கீழ்ப்பாதியையும் மண்வெட்டியால் கிளறி வைத்திருக்கிறார். கையேடு அதை அனுமதிக்கிறது.

பூமயிலிடம் சொன்னேன். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள். “எங்கண்ணன நண்டோட சேத்துட்டீங்க. போகட்டும், உள்ள விட்டாங்கள்ல” என்றாள். “உங்கள எங்கன சேத்தீங்க?”

கையேட்டில் அதற்கும் ஒரு பக்கம் இருந்தது. வெளியிலிருந்து நல்லது செய்யும் என்று கொண்டுவரப்பட்டு, கிடைத்த இடத்தில் வேர்விட்டு, இருக்கிற தண்ணீரைக் குடித்து, பக்கத்தில் எதையும் வளரவிடாத அயல் இனங்களுக்கான பக்கம். முதல் வரியில் சீமைக்கருவேலம் என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. இரண்டாவது வரி காலியாக இருந்தது. உதவிப் பொறியாளர், கடலாடி என்று நிரப்பி அனுப்பியிருந்தேன்.

அதிலும் மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். போன வாரம் மேலிடத்து உத்தரவு வந்தது. மேற்கண்ட இரண்டு இனங்களும் அகற்றப்பட வேண்டியவைதான் என்றும், வேரோடு பிடுங்குவதற்கு நிதி ஒதுக்கீடு இல்லாததால் மறு உத்தரவு வரும் வரை இருந்த இடத்திலேயே தொடரலாம் என்றும் அதில் கண்டிருந்தது.